எங்கள் ஊர்ப் பேச்சு

மார்ச் 14, சனி, இரவு.

இன்று ஐசலினில் வாசகர் வட்டம் கூடியது. எடுத்துக்கொண்டது ஒரு சர்வாதிகார ஆட்சியில் நடக்கும் நாவல். தன் ஊர்ப் பேச்சு பேசினான் என்பதற்காகவே ஒரு ரகசியப் போலீஸ்காரனை நம்பி, அண்ணன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறான் கதாநாயகன். "இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா?" என்று அதிகம் கத்தியது நான்தான்.

திரும்பும் வழியில் கடையில் நின்று, போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பக்கத்திலிருந்தவர், "ஏனுங்க, கோயமுத்தூருங்களா?" என்றார். அவ்வளவுதான், உருகிவிட்டேன். கணவர் செந்திலுக்கு வேலை போனது, அமெரிக்க விசா இழுபறி, நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்ட், மாமியாருக்கே சொல்லாதது எல்லாவற்றையும் கொட்டினேன். "கவலைப்படாதீங்க, விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்று என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் செந்திலிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவரு பேரென்ன?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை. செந்தில் தூங்கவில்லை, புரண்டுகொண்டிருக்கிறார்.

நல்லவராகத்தான் இருப்பார். அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு.