நனைந்த டிராகன்

செவ்வாய்க்கிழமை. விடாத தூறல்.

பை கட்டியாகிவிட்டது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருப்பூர், பனியன் கம்பெனி வேலை. தேயிலைக் கொழுந்துக்கு விலையே இல்லாத இந்த மலையில் இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

சாயங்காலம் மகள் யாழினி சண்டை விளையாட்டுக்குக் கூப்பிட்டாள். தரையில் சாக்பீஸ் வட்டம். அதற்குள் ஆளுக்கொரு பொம்மை. ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் பலம் அச்சடித்த சீட்டு ஒன்று உண்டு. பலம் குறைந்த பொம்மை வட்டத்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

பத்து பலமுள்ள அவளுடைய டிராகன் வாசலில் கிடந்து நனைந்திருந்தது. "பத்துல ரெண்டு தண்ணிக்குக் கழிச்சுக்கோ சாமி" என்றேன். ஃபேக்டரியில் ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பதைக் கேட்டுக் கேட்டு, தானாக வாயில் வந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, டிராகன் என்ன கொழுந்துங்களா?" கோபம்தான். ஆனாலும் கழித்தாள். ஒன்பது பலமுள்ள என் கரடியிடம் டிராகன் தோற்றது. அதை வாசற்படியில் கொண்டுபோய் வைத்தாள். மூடுபனி மெல்ல வந்து அதை மூடிக்கொண்டது. பறந்தே போய்விட்டதென்று ஒரு கணம் நினைத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"என்ற கையில சீட்டு இருக்குதுங்கப்பா. சீட்டு இருந்தா, வெளிய போனது திரும்பி வந்தே ஆகணும். அதான் ரூல்."

இப்போது ஸ்வெட்டரை வைக்கப் பையைத் திறந்தேன். துணிகளுக்கு நடுவே டிராகன், ஈரம் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சீட்டைத் தேடினேன், இல்லை.

யாழினி தூங்குகிறாள். மூடிய கையின் விரலிடுக்கில் சீட்டின் ஓரம் தெரிகிறது.