ஆறாம் பெட்டின் பெயரில் ஓர் இதயம்

"இடம் இல்லை. பழையதை அழிக்கவா?" என்று, இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ மெஷின் இன்று காலை திரையில் கேட்டது. அது சொன்ன பழையது நீ, அம்மணி.

திரையில் உன் பெயர், வயது ஐம்பத்தொன்று, பெட் மூன்று. ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களுக்கும் நகல் இருக்கிறது. பெட் பெட்டாக நான் உருட்டிக்கொண்டு போகும் இந்த மெஷினில் அழித்தால் எதுவும் தொலைந்துபோகாது. தெரியும். இருந்தும் ஒன்றரை வருஷமாக, அது கேட்கும்போதெல்லாம் "வேண்டாம்" என்று அமுக்கிவிட்டு, பட்டியலுக்குள் போய் வேறு யார் யாரையோ தேடித் தேடி அழித்து வந்தேன். நீ மட்டும் முதல் வரிசையில் சட்டமாக உட்கார்ந்திருந்தாய். இன்றைக்குத் தேட நேரமில்லை. ரெண்டாம் பெட்டில், குழந்தை பிறந்து மூன்றே நாளான ஒரு பெண்ணுக்கு பிபி இறங்கிக்கொண்டே இருந்தது. சின்ன சிஸ்டர், "அக்கா, சீக்கிரமுங்க!" என்று கத்துகிறாள். இடம் கொடுக்காமல் மெஷின் படம் எடுக்காது. என் விரல் உன் பெயருக்கு மேலே நின்றது.

உனக்கும் எனக்கும் சண்டையே பெயரை வைத்துத்தானே ஆரம்பித்தது! நான் எக்கோ எடுக்கிறவள், நீ ஐசியு நர்ஸ். மெஷினைத் தள்ளிக்கொண்டு நான் வந்தால் போதும், வழியை மறித்துக்கொண்டு நிற்பாய். நோயாளியின் மணிக்கட்டைத் தூக்கி, அதில் கட்டியிருக்கும் பட்டையைக் காட்டி, பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாய். "பேரைச் சொல்லிப்போட்டுத் தொடு" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன் அம்மணி, பொண்ணு பாக்கவா வந்திருக்கேன், பேரு ஊரெல்லாம் விசாரிக்க?" என்று கேட்பேன். நீ சிரிக்கக்கூட மாட்டாய். "மயக்கத்துல கெடக்கறவங்க அவங்களா சொல்ல முடியும்? நாமதான் சொல்லோணும்."

அன்றைக்கு நான் சொல்லவில்லை.

ஆறாம் பெட்டில் பழனிச்சாமி. தொண்டாமுத்தூர்க்காரர். தோப்புக்குள் யானை புகுந்துவிட்டதென்று ஓடியவர், வாய்க்கால் கல்லில் நெஞ்சு மோத விழுந்து விலா எலும்பு முறிந்து வந்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு எக்கோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் பெயரை மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்தால், பெட்டைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே நீ அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாய். "கால்மணி நேரமாகும் அம்மணி" என்று குரல் மட்டும் வந்தது.

பக்கத்து ஏழாம் பெட்டில், வருஷக்கணக்காக இதயம் பலவீனமாக இருந்த ஒரு பாட்டியம்மா. அவருக்கும் எடுக்க வேண்டியதுதான். சும்மா நிற்பானேன் என்று அவர் நெஞ்சில் ஜெல்லைத் தடவி எடுத்து முடித்தேன். மெஷினில் பெயரை மாற்றவில்லை. மணிக்கட்டைத் தூக்கிக் காட்ட நீ இந்தப் பக்கம் இல்லை. அதற்குள் கீழே அவசர சிகிச்சையில் கூப்பிட்டார்கள், மெஷினோடு போய்விட்டேன். ஏழாம் பெட்டின் இதயம் ஆறாம் பெட்டின் பெயரில் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மணி நேரத்தில் பழனிச்சாமிக்கு பிபி சரிந்திருக்கிறது. டாக்டர் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தார். அசைய மாட்டாமல் அசைகிற ஓர் இதயம். "ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு, குளுக்கோஸ் பாட்டிலை நிறுத்துங்க, மருந்தை ஏத்துங்க" என்றார். பார்த்த படத்துக்கு அவர் சொன்னது சரி. நீதான் படத்தின் மூலையில் இருந்த நேரத்தைக் காட்டினாய்.

"ரெண்டு நாப்பதுன்னு போட்டிருக்குங்க டாக்டர். ரெண்டு நாப்பதுக்கு இவரைத் துடைச்சுட்டிருந்தது நானுங்க. நெஞ்சு மேல என்ற கையும் ஈரத்துணியுந்தானுங்க இருந்துச்சு. இது இவரோட படம் இல்லீங்க."

உடனே எனக்கு போன் போட்டாய். "ஆறாம் பெட்டுக்கு நீ எடுத்தியா?" என்றாய். கேட்டதும், பெட்டைச் சுற்றி இழுத்திருந்த அந்தத் திரை கண் முன்னால் வந்தது. தப்பு எங்கே நடந்தது என்று அந்த நொடியே பாதி புரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் நாலு பேர் நிற்கிறார்கள், கேட்பது நீ. எப்போதும் என்னைப் பிடித்து நிறுத்துகிற நீ. "எடுத்தேன். பேரு இருக்குதல்ல? படம் இருக்குதல்ல? அப்புறம் என்னைய எதுக்குக் கேக்கறே?" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நாலு நிமிஷம் கழித்து மறுபடி அடித்தாய். "மெஷினைத் தூக்கிட்டு மேல வா. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். இந்த மனுசன் போயிருவாரு."

மெஷினோடு லிப்டில் ஏறினேன். நான் வந்தபோது மானிட்டரில் மேல் பிபி ஐம்பத்தெட்டு. நீ மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாய். அந்த அவசரத்திலும் காட்டினாய், பாவி! "பழனிச்சாமி, ஆறாம் பெட்" என்று வாசித்துவிட்டு படமெடுக்கும் புரோப்பை நெஞ்செலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினேன். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். ரத்தம். அடிபட்ட இடத்தில் கசிந்து, இதயத்தின் உறைக்குள் தேங்கி நின்றது. பலவீனமெல்லாம் ஒன்றுமில்லை. நல்ல உழைப்பாளியின் இதயம், விரிய இடமில்லாமல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்தார். ஊசி போகும் வழியை நான் திரையில் காட்ட வேண்டும். கை அரை அங்குலம் நகர்ந்தாலும் அவருக்கு வழி தெரியாது. நீ என் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தாய். சிரிஞ்சில் ரத்தம் ஏற ஏற, கறுப்பு வளையம் மெலிந்தது. அறுபத்தாறு. எழுபத்தெட்டு. தொண்ணூறு.

வெளியே அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருங்களா? நீங்கதான் மிசினு வெச்சுப் பாத்துக் காப்பாத்துனீங்களாமா?" நான் உன்னைப் பார்த்தேன். நீ எங்கேயோ பார்த்தாய். அந்த அம்மாவுக்கும் டாக்டருக்கும், பெயர் மாறிப்போனதை நானே சொன்னேன். போனில் "எடுத்தேன்" என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "தப்பு யாருக்கும் வரும் அம்மணி. ஆனா போன்ல நீ..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாய். திட்டியிருக்கலாம். இன்றுவரை அதற்காக உன்மேல் எனக்குக் கோபம்.

பிறகு நீயே மூன்றாம் பெட்டுக்கு வந்தாய். வெறும் காய்ச்சல் என்று துடியலூர் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தவள். காய்ச்சல் இதயத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. முகத்தில் மாஸ்க், மேல்மூச்சு. நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்ததும், பேச முடியாமல் மணிக்கட்டை மட்டும் உயர்த்தினாய். நான் உன் பெயரைச் சத்தமாக வாசித்தேன். தலையாட்டிய பிறகுதான் தொடவிட்டாய்.

திரையில், அசைய மாட்டாமல் அசைகிற ஓர் இதயம் வந்ததைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? மூலையில் நேரத்தைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். மறுபடி உன் மணிக்கட்டைப் பார்த்தேன். கூடாத ஆசைதான். வேறு யாருடைய இதயமாவது உன் பெயரில் வந்திருக்கக் கூடாதா, இன்னொரு தடவை நான் அதே தப்பைச் செய்திருக்கக் கூடாதா என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். நேரம் சரி. பெயர் சரி.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "நல்லாப் பாத்தியா? என்ற ஹார்ட்டுதானா?" என்று கேட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. "உன்றதுதான் அம்மணி" என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்று காலைக்கு வருகிறேன். உன்னைத் தாண்டிப் போய் வேறொருவரைத் தேடி அழிக்க ஒரு நிமிஷமாவது ஆகும். ஒரு மனிதருடைய நாலு நிமிஷத்தை ஏற்கெனவே என் வீம்புக்குத் தின்றவள் நான். அந்தப் பொண்ணுடையதில் ஒரு நொடிகூட எனக்கு உரிமையில்லை. அமுக்கினேன். நீ போனாய், இடம் வந்தது. ரெண்டாம் பெட்டின் மணிக்கட்டைத் தூக்கி வாசித்தேன், படம் எடுத்தேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தம் அடைத்து, இதயத்தின் வலப்பக்கம் உப்பிப்போயிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். மத்தியானம் கண் விழித்து, "பாப்பா பால் குடிச்சுதுங்களா?" என்று கேட்டாளாம். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, கேன்டீனில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மனசு கேட்காமல் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அழிக்கிறதற்கு முன்னால் நான் வாய்விட்டு ஒரு பெயரைச் சொன்னதைக் கேட்டு, சின்ன சிஸ்டர் திகைத்துப்போய், "அக்கா, அது யாருங்க? ரெண்டாம் பெட்டு பேரு அது இல்லீங்களே?" என்றாள். அதற்குள் நான் ரெண்டாம் பெட்டின் மணிக்கட்டைத் தூக்கியிருந்தேன். நீ கவலைப்படாதே அம்மணி, உன் பேரைச் சொல்லிப்போட்டுத்தான் தொட்டேன்.