பின்னறையை நீக்கச் சொல்லும் ஏழாவது திருத்தம்

அனுப்புநர்:
சொத்து மதிப்பீட்டாளர்,
சலவைக்கடை மேல்மாடி, நூலகச் சாலை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு, வங்கித் தலைமை அலுவலகம்.

பொருள்: ஒப்படைத்து ஒன்பது மாதம் ஆன மதிப்பீட்டு அறிக்கையில் திருத்தம் கேட்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிளையின் ஏழாவது திருத்தக் கடிதம், நாள் மார்ச் 3.

பொறுமையுடன் வாசிக்கப்போகும் மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு ஜூன் 11 அன்று, தங்கள் கிளை கேட்டுக்கொண்டபடி, விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீட்டை அளந்தேன். விற்றவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மையார். தங்களிடம் கடன் பெற்று வாங்கியவர் ஒரு மரக்கடைக்காரர். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பின்னால் பதினோரு அடிக்கு ஒன்பது அடியில் மூன்றாவதாக ஒரு படுக்கையறை. அந்தப் பின்னறையின் ஜன்னல் வழியே காலை வெயில் காலிக் கட்டிலின் மேல் விழுந்து கிடந்தது. யாரும் படுக்காத கட்டிலுக்கு அன்று காலைதான் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

2. எட்டே நாளில் அறிக்கையை ஒப்படைத்தேன். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. முதல் திருத்தம், முகப்புப் புகைப்படத்தில் பூனை இருக்கக் கூடாது என்றது. இரண்டாவது, ‘வெளிர்பச்சைச் சுவர்’ என்பதைப் ‘பச்சை’ ஆக்கச் சொன்னது. மூன்றாவது அதை மீண்டும் வெளிர்பச்சை ஆக்கச் சொன்னது. நான்காவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நான் அம்மியைவிட இலேசான ஆள்.

3. அனுமதி பெற்ற வரைபடத்தில் பின்னறை இல்லை என்பதை நானே அறிக்கையில் குறிப்பிட்டிருந்தேன். தணிக்கையில் அது கண்ணில் பட்டதும் ஐந்தாவது கடிதம் வந்தது. ‘படுக்கையறை’ என்பதை ‘ஸ்டோர் ரூம்’ என்று மாற்றிவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்றார்கள். மாற்றினேன். அதுவும் பழைய தேதியிலேயே. இது என் தவறு ஐயா, மறைக்க விரும்பவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கதை அங்கேதான் தொடங்கியது. ஸ்டோர் ரூமுக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஜன்னல் என்று ஆறாவது கடிதம் கேட்டது. ஸ்டோர் ரூம் குடியிருப்புப் பரப்பில் சேராது, எனவே அறையையே நீக்கி, நேரில் மறுபடி அளந்து, பழைய தேதியில் கையொப்பமிட்டு மார்ச் 20-க்குள் தராவிட்டால் மதிப்பீட்டாளர் பட்டியலில் இருந்து என் பெயர் எடுக்கப்படும் என்கிறது ஏழாவது. பதினாறு ஆண்டுகளாக என் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பட்டியலால்தான்.

4. அளக்கப் போனேன். வீடு இல்லை. மரக்கடைக்காரர் புதிதாகக் கட்டுவதற்காக, தங்கள் கிளையின் சம்மதக் கடிதத்துடன், ஜனவரியில் இடித்துவிட்டாராம். லேசர் கருவியை நீட்டினேன். அதன் சிவப்புப் புள்ளி விழச் சுவர் இல்லாததால் எண் எதுவும் வரவில்லை. வீட்டை விற்றுவிட்டு எதிர்வீட்டு மாடியில் இப்போது வாடகைக்கு இருக்கும் அந்த நர்ஸ் அம்மையார் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நான் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்ததும், கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

5. வெறும் மனைதான், குறுக்கே நடந்திருக்கலாம். நாங்கள் இருவரும் வாசல் இருந்த இடத்தில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, இல்லாத சுவர்களைச் சுற்றிக்கொண்டு போனோம். சமையலறை வாசல் உயரம் குறைவு. நான் தலையைக் குனிந்தேன்; குனிந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. பின்புறத் தண்ணீர்க் குழாய் மட்டும் நின்றிருந்தது. அதிலிருந்து மூன்றடி தள்ளி நாடாவின் முனையை அவர் புல்லில் வைத்தார். பதினோரு அடி. ஒன்பது அடி. அந்த நான்கு மூலைகளுக்குள் மட்டும் வெயில் அன்றைய நிறத்திலேயே விழுவதுபோல் எனக்குத் தோன்றியது. இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

6. நடக்க முடியாத தம்பிக்காக, வரைபட அனுமதிக்குக் காத்திராமல் அவசரமாகக் கட்டிய அறை அது என்றார். சென்ற ஜூனில் நான் அளக்க வந்ததற்கு இரண்டு மாதம் முன்புதான் தம்பி இறந்திருக்கிறார். ஐந்தாவது திருத்தத்தில் நான் எழுதிக் கொடுத்ததை அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை. கேட்டது இதுதான்: “இருபத்திரண்டு வருஷம் என் தம்பி ஸ்டோர் ரூம்லயா சார் தூங்கினான்?” எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

7. அந்த அறை வரைபடத்தில் இல்லை, பத்திரத்தில் இல்லை, இப்போது மண்ணிலும் இல்லை. அது இருந்ததாகச் சொல்லும் ஒரே தாள் தங்கள் கோப்பில் உள்ள என் அறிக்கை. ஆகவே ஏழாவது கடிதத்தைத் திரும்பப் பெறுமாறு வேண்டுகிறேன். அளவிலோ கூட்டலிலோ நான் பிழை செய்திருந்தால் எத்தனை மாதம் கழித்தும் திருத்தித் தருவேன். மற்றத் திருத்தங்களுக்கு முப்பது நாள் வரம்பு வைத்து, அதன்பின் வருபவற்றை அன்றைய தேதியிட்ட தனிக் குறிப்பாக மட்டுமே சேர்க்க உத்தரவிட வேண்டும்.

8. இவ்வளவு குறை சொன்ன நானும் தாமதமான திருத்தம் ஒன்று கேட்கிறேன். பக்கம் நான்கு, வரி ஒன்பது: ‘ஸ்டோர் ரூம்’ என்பதை மீண்டும் ‘படுக்கையறை’ என்று மாற்ற அனுமதி தாருங்கள். இன்றைய தேதியில், என் தவறு என்ற குறிப்புடனேயே மாற்றுகிறேன். அதன்பின் என் பெயர் பட்டியலில் இருப்பதும் போவதும் தங்கள் கையில்.

நாள்: மார்ச் 14
இடம்: மேற்படி முகவரி

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சொத்து மதிப்பீட்டாளர்

இணைப்பு: மறு அளவுக் குறிப்பு, ஒரு தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவரும் கையொப்பமிட்டுள்ளார்.