சுருதிக்கு ஒரு சாண் இரும்பு

புந்தோங், ஈப்போ
9 ஜூன் 2024

அன்புள்ள இராஜசிங்கம் அண்ணனுக்கு,

சன்னாசி எழுதுவது. யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியது இல்லை, நானே எழுதுவது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். எழுபத்தைந்து வயதில் எனக்கு முளைத்த கையெழுத்து இது.

போன தீபாவளிக்கு நான் போன் செய்தது நினைவிருக்கும். நான் பேசப் பேச நீங்கள் “ஹலோ, ஹலோ” என்றே சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். உங்கள் காது மிஷின் விசில் அடித்தது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. நீங்கள் மகன் வீட்டோடு தஞ்சோங் மாலிம் போன பிறகு நேரில் பார்ப்பதும் குறைந்துவிட்டது. அண்ணனிடம் காது வழியாகப் போக முடியவில்லை என்றால் கண் வழியாகப் போவோம் என்று முடிவு செய்தேன். கோயில் மண்டபத்தில் பிரமிளா டீச்சர் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார். போய்ச் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? ஆட்டிறைச்சிக் கடை ஐயாவு! இத்தனை வருஷமாக அவன் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி நான் நடித்தேன். எழுதியது தான்தான் என்கிற மாதிரி அவன் நடித்திருக்கிறான்.

மங்களத்துக்குக் கொஞ்சம் கோபம். “கல்யாணம் கட்டுன நாள்லேருந்து எனக்கு ஒரு லெட்டர் உண்டா? அந்த அண்ணனுக்கு மட்டும் பக்கம் பக்கமா!” என்றாள். “நீதான் எதிர்லயே நிக்கிறியேலா” என்றேன். அன்று காப்பியில் சீனி இல்லை.

இப்போது விஷயம். மகேந்திரன் டிரம்ஸ், கலாதேவி பியானோ, நான். மூன்று பேரும் அடுத்த மாதம் கூச்சிங், பிறகு பாங்காக் போகிறோம். செப்டம்பர் 15, ஞாயிறு மாலை, நம் ஈப்போ பழைய டவுனில் கச்சேரி. ‘சன்னாசியின் ப்ளூஸ், ஐம்பது வருஷம்’ என்று போஸ்டர் அடிக்கப் போகிறார்களாம். அதில் முக்கால்வாசி வருஷம் என் பக்கத்தில் மவுத் ஆர்கன் வாசித்தவர் நீங்கள். நீங்கள் மேடையில் இல்லாமல் அந்தப் போஸ்டர் எப்படி உண்மையாகும்? வாசிக்க வர வேண்டும். இதைக் கேட்கத்தான் நான் எழுத்தே கற்றேன்.

அன்புத் தம்பி,
சன்னாசி


தஞ்சோங் மாலிம்
20 ஜூன் 2024

அன்பின் சன்னாசிக்கு,

நலம். உமது கடிதத்தை அருணன்தான் எடுத்து வந்தான். “அப்பா, யாரோ கையால எழுதியிருக்கினம்” என்றான், மண்ணுக்குள்ளிருந்து ஏதோ தோண்டி எடுத்தவன் போல. இரண்டு முறை படித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு மூன்றாம் முறையும் படித்தேன். உம்முடைய எழுத்து உம்முடைய வாசிப்பைப் போலவே இருக்கிறது: மெதுவாகத் தொடங்குகிறது, கோடு எங்கே என்று பார்ப்பதில்லை.

ஆனால் கச்சேரிக்கு வருவதாக இல்லை. காரணம் உமக்குத் தெரியும். பாகான் செராய் கல்யாண மண்டபத்தில் நாம் கடைசியாக வாசித்தபோது பாட்டு முடிந்த பிறகும் நான் ஊதிக்கொண்டிருந்தேன். நீர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர். நன்றாக இருக்கிறது என்கிறீராக்கும் என்று நினைத்து இன்னும் பலமாக ஊதினேன். சனம் கை தட்டியது. அது எப்படிப்பட்ட கை தட்டல் என்று காது கேட்காதவனுக்கும் தெரியும், சன்னாசி. பிள்ளைகள் நடனம் ஆடி விழுந்தால் தட்டுவார்களே, அது.

நான் ஈப்போ ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். வண்டி போன பிறகு கொடி காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆர்கன்களைப் பெட்டியில் பூட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

நீர் நன்றாக வாசியும். தொடர்ந்து எழுதும்.

அன்புடன்,
வே. இராஜசிங்கம்


கூச்சிங்
13 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹோட்டல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஆறு ஓடுகிறது. இந்தத் தடவை விமான நிலையத்தில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. போர்டில் இருந்த எண்ணையும் என் டிக்கெட்டில் இருந்த எண்ணையும் நானே ஒப்பிட்டுப் போனேன். மகேந்திரன்தான் தப்பான வாசலில் நின்றான்!

நேற்றுக் கச்சேரிக்கு நல்ல கூட்டம். பாட்டு வரிசை மறக்காமலிருக்க, கோழி, குடை, ரயில் என்று படம் போட்டுக் கித்தார் முதுகில் ஒட்டுவேனே, இந்த முறை தமிழில் எழுதி ஒட்டினேன். பாட்டுக்கு முன்னால் கித்தாரைத் திருப்பி, அதன் முதுகைக் குனிந்து படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பாட்டை ஆரம்பிக்க மறந்துவிட்டது. கலாதேவி, “மாமா, படிச்சது போதும், வாசிங்க!” என்று கத்தினாள். முடிந்ததும் ஒரு சீனப் பெண் கையெழுத்துக் கேட்டு வந்தாள். வழக்கமாகப் பால்மரமும் அதில் பால் வடிகிற மங்கும் வரைந்து கொடுப்பேன் அல்லவா? பெருமையாக ‘சன்னாசி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. மரம்தான் வேண்டுமாம். அடியில் மரமும் போட்டுக் கொடுத்தேன்.

உங்களுக்காக ஒரு சோதனை செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் மகேந்திரனின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபையர் பெட்டி மேல் உட்கார்ந்தேன். கலாதேவி என் கித்தாரை வாசித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு தட்டும் முதுகெலும்பில் ஏறியது. எங்கே நிறுத்தினாள் என்றுகூடச் சரியாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் உள்ளே வந்தார். ஹெல்மெட்டோடு வணக்கம் சொன்னேன். நீங்களும் அப்படி உட்காரலாம். ஹெல்மெட் வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி. சுருதி பார்க்கச் சின்ன மிஷின் வாங்கியிருக்கிறேன். கித்தார் தலையில் கவ்வி நிற்கிறது, சுருதி சரியானால் பச்சை விளக்கு எரிகிறது. இனி அந்தப் பெரட்டு இரும்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு மேற்பார்வை மண்டோர் அடித்து ஆளைக் கூட்டிய தண்டவாளத் துண்டு, பாவம், எத்தனை ஊர் வந்துவிட்டது! ஒவ்வொரு விமான நிலையத்திலும் “என்ன தாத்தா இது?” என்பார்கள். “சுருதிப் பெட்டிம்மா” என்றால் நம்ப மாட்டார்கள். இப்போது கித்தார் உலகத்துச் சுருதிக்கு ஏறி, கலாதேவியின் பியானோவோடு ஒட்டி நிற்கிறது. இரும்பைப் பிரமிளா டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். காற்றில் வகுப்புக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க வசதியாக இருக்கிறதாம்.

பதிலை வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

உங்கள்,
சன்னாசி


தஞ்சோங் மாலிம்
24 ஜூலை 2024

சன்னாசி,

கதவுக்கு முட்டா?

நாம் முதல் முறை சேர்ந்து வாசித்தது உமக்கு மறந்துவிட்டது போலும். பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைக்காரர் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு நீர் கித்தார் பழகி வந்திருந்தீர். ஸ்டேஷன் டிக்கெட் அறையில் இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். அதைக் கேட்டு வாசலில் படுத்திருந்த நாய் ஓடியது. ஏனென்றால் உமது கித்தார் அந்தத் தோட்டத்து இரும்பின் சுருதியில் இருந்தது. அது உலகத்தில் வேறு எந்த வாத்தியத்துக்கும் இல்லாத சுருதி, வழக்கமான சுருதியிலிருந்து இறங்கி, அரைப் படிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். “கித்தாரை ஏற்றும்” என்றேன். “இதுதான்ணே எங்கப்பா எந்திரிச்ச சத்தம், இத மாத்த மாட்டேன்” என்றீர். கித்தாருக்கு முறுக்க ஆணி இருக்கிறது. மவுத் ஆர்கனுக்கு என்ன இருக்கிறது? நான்தான் என் ஆர்கன் ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை அடியில் மெல்ல அராவி, அந்த இரும்புக்கு இறக்கினேன். ஞானம்மா உயிரோடு இருந்த காலத்தில் சாப்பாட்டு மேசை முழுவதும் பித்தளைத் தூள் என்று எவ்வளவு ஏசுவாள்!

இப்போது நீர் ஒரு பச்சை விளக்கைக் கண்டதும் ஏறிவிட்டீர். என் ஆர்கன்கள் இனி யாரோடு சேரும்? அவற்றை மறுபடி ஏற்ற முடியாது, நாக்கு அவ்வளவு மெலிந்துவிட்டது. அதிலும் பெரிய ஆர்கனில் நான்காம் துளை போன வாரத்திலிருந்து இழுத்துக்கொண்டு நிற்கிறது.

பெட்டி மேல் உட்காரச் சொன்னீரே, உட்கார்ந்து எதை வாசிக்க? சோதனைக்கு நன்றி. கச்சேரி நன்றாக நடக்கட்டும். என்னை இனி அழைக்க வேண்டாம்.

வே. இராஜசிங்கம்


பாங்காக்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மங்களம் போனில் வாசித்துக் காட்டினாள். என்னைத் திட்டுகிற இடங்களை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள், உங்கள் குரலிலேயே.

நான் செய்தது தப்பு. கித்தாரில் ஆணியை முறுக்கினால் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அராவிய நாக்குகளை நான் நினைக்கவில்லை. கேட்டவுடனே எல்லா நரம்பையும் இறக்கிவிட்டேன். இரும்பு கையில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அந்தச் சத்தம் எனக்கு அப்பா குரல் மாதிரி. கலாதேவியிடம் தயங்கித் தயங்கி, “பியானோவ எறக்க முடியுமாம்மா? அரைப் படிக்குக் கொஞ்சம் மேல நிக்கணும்” என்றேன். “அதுக்கென்ன மாமா, கரண்டு பியானோதானே” என்று ஒரு பொத்தானை அமுக்கினாள். இறங்கிவிட்டது! அண்ணே, ஒரு பொத்தான்! ஞானம்மா அக்கா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிரமிளா டீச்சரிடமும் போனில் பேசி இரும்பை எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டேன். கதவுக்கு இப்போது ஐயாவுவின் பழைய எடைக்கல்.

ஆனால் நான் ஒன்று கேட்பேன், நீங்கள் கோபப்படக் கூடாது. பெட்டியில் பூட்டி அலமாரிக்கு மேலே வைத்த ஆர்கனில் நான்காம் துளை போன வாரம் இழுத்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

மங்களம் அந்த வரியை வாசித்ததும் நான் ஹோட்டல் கட்டிலில் குதித்தேன். மகேந்திரன் பாம்பு என்று நினைத்துவிட்டான்.

பாட்டு எங்கே முடிகிறது என்பதுதானே உங்கள் கவலை? அதற்கும் வழி இருக்கிறது. மேடையில் ஒரு கெட்டிப் பலகை போடச் சொல்கிறேன். அதில் ஒரு பக்கம் ஆம்ப்ளிஃபையர், ஒரு பக்கம் இரும்பு, நடுவில் நீங்கள், செருப்பில்லாமல். வாசிப்பது உள்ளங்காலில் ஏறும். முடிகிற இடத்தில் நான் சுத்தியலால் இரும்பில் ஒரு போடு போடுவேன். தோட்டத்தில் அது அடித்தால் வேலை ஆரம்பம். உங்களுக்கு மட்டும் அது முடிவு.

வாங்கண்ணே.

சன்னாசி


தஞ்சோங் மாலிம்
19 ஆகஸ்ட் 2024

அன்பின் சன்னாசிக்கு,

நீர் போலீசில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆம், எடுத்துப் பார்த்தேன். வாசிக்கும்போது பல்லுக்குத் தெரிகிறது. மேல் வரிசையில் சொந்தப் பல் நான்குதான், அவை நான்கும் காதைவிடக் கெட்டி. நான்காம் துளையையும் சரிசெய்துவிட்டேன். அருணன் வீட்டு மேசை முழுவதும் பித்தளைத் தூள். இங்கே ஏச ஆள் இல்லை, அது ஒரு குறை.

வருகிறேன். சில விஷயங்கள்: என் காதைப் பற்றி மேடையில் யாரும் அறிவிக்கக் கூடாது. ‘மூத்த கலைஞர்’ என்று சொல்லி நாற்காலி போடக் கூடாது. நான் நின்றுதான் வாசிப்பேன். சுத்தியலை மறக்கக் கூடாது. நீர் வாசிக்கத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள், அதனால் கேட்கிறேன்.

மங்களத்திடம் சொதி வைக்கச் சொல்லும்.

அன்புடன்,
வே. இராஜசிங்கம்


புந்தோங், ஈப்போ
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் சிரிப்பதுமாக இருக்கிறேன். இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடைக்குப் போனால் ஐயாவு இறைச்சி வெட்டாமல் உங்கள் கதையைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடமிருந்து நான் கேட்டதை உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நேரம் என் கண் மூடியிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்துவிட்டதாம். மகேந்திரன் நிறுத்திவிட்டான். கலாதேவி கையை எடுத்துவிட்டாள். நீங்கள் ஆர்கனை இறக்கிச் சட்டைப் பையில்கூட வைத்துவிட்டீர்களாம். நான் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தேனாம். சுத்தியல் என் காலடியில் கிடந்ததாம். நீங்கள் குனிந்து அதை எடுத்து, ஓங்கி இரும்பில் ஒரு அடி அடித்தீர்கள். அதுதான் எனக்குத் தெரியும். உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் ஏறியது. கண்ணைத் திறந்தால் நீங்கள் நிற்கிறீர்கள்.

“சன்னாசி, ஸ்டேஷன் வந்திட்டுது. இறங்கும்!”

அந்தக் கை தட்டல் எப்படிப்பட்டது என்று நான் எழுத வேண்டியதில்லை. பலகை நடுங்கியதே, உங்களுக்கே தெரிந்திருக்கும். மங்களம் அழுதாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள், கச்சேரியில் ஏது வெங்காயம்?

ஒரே ஒரு கவலை. இரும்பைக் காணோம். மேடையிலும் இல்லை, மகேந்திரன் வேனிலும் இல்லை. பிரமிளா டீச்சர் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்கிறார். டிசம்பரில் பினாங்கில் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறேன். பச்சை விளக்கைத் தொட மாட்டேன் என்று முடிவு செய்த பிறகு இப்படி ஆகிவிட்டது. உங்கள் மூட்டையில் தெரியாமல் வந்துவிட்டதா, கொஞ்சம் பாருங்கள்.

உங்கள்,
சன்னாசி


தஞ்சோங் மாலிம்
26 செப்டம்பர் 2024

அன்பின் சன்னாசிக்கு,

தெரியாமல் வரவில்லை. நான்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு தட்டு தட்டி, அதன் மேல் விரல் முட்டியை வைத்து அதிர்வைப் பார்க்கிறேன். உமது அப்பா எழுந்த சத்தத்தில்தான் இப்போது நானும் எழுகிறேன்.

திருப்பி அனுப்புவதாக இல்லை. சுருதி வேண்டுமென்றால் இரும்பு இருக்கிற இடத்துக்கு நீர் வர வேண்டும், அல்லது இரும்பு வருகிற இடத்துக்கெல்லாம் நானும் வருவேன். பினாங்கு நாளன்று வடக்கே போகும் காலை வண்டியில் இங்கே ஏறிவிடுகிறேன். நீர் ஈப்போவில் ஏறும். ஜன்னல் ஓரம் எனக்கு.

சுத்தியலும் என்னிடம்தான் இருக்கிறது. இனி அது உம்மை நம்பி விடுகிற பொருள் இல்லை.

அன்பின் அண்ணன்,
இராஜசிங்கம்