பால் பற்களின் பயணம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சௌக்கியம்தானே? இங்கே எல்லோரும் இருமிக்கொண்டே சௌக்கியம்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைத் தெருவில், என்னிடம் வைத்தியத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேர்த்து உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். எந்தப் பல்லில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் இயந்திரம் உங்களிடம்தானே இருக்கிறது. "முடிவு வந்ததும் நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று ஒவ்வொரு தாய்க்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த முடிவைக் காட்டினால்தான் பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் வாயாடி என்று கூப்பிடும் பொடிசு, "என் பல்லு மட்டும் பிளேன்ல போகுது, எனக்கு டிக்கெட் இல்லையா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஓயாமல் வயிற்றுவலி. அவள் முடிவை முதலில் அனுப்பு.

உன் செல்லத் தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

முடிவுகள் வந்துவிட்டன. அற்புதம்! இவ்வளவு ஈயத்தை எங்கள் பேராசிரியர் எங்கேயும் பார்த்ததில்லையாம். ஆனால் கட்டுரை வெளியாகும்வரை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று யாருக்கும் சொல்லக்கூடாது. ஒப்பந்தத்தில் நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

நவம்பர் மாநாட்டுக்கு உனக்கும் டிக்கெட் போட்டாயிற்று. பிள்ளைகள் பொக்கை வாயோடு சிரிக்கிற படம் இருந்தால் அனுப்பு. மேடையில் காட்ட நன்றாக இருக்கும்.

அன்பு அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

அற்புதமா? "சும்மா சம்பிரதாயம், போடு" என்று கையெழுத்து வாங்கியது நீதானே? என்னைக் கண்டால் தாய்மார்கள் ஓடி வருகிறார்கள். நான் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். சீ, என்ன பிழைப்பு இது!

கட்டுரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அனுப்பு.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சி,

கோபப்படாதே. இப்போது வெளியே தெரிந்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். என் பதவி உயர்வும் இதில்தான் தொங்குகிறது. நவம்பர்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறு.

உன் வாயாடிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். மாநாட்டில் அவளை வைத்துத்தான் பேச்சையே தொடங்கப் போகிறோம். இப்போதைக்குப் பால் நிறையக் கொடுக்கச் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உயிர் தங்கிவிட்டது. பேச்சு இன்னும் திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டர்களும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் மற்றப் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். உங்கள் முடிவு இனி எங்களுக்கு வேண்டாம். டிக்கெட்டையும் வேறு யாருக்காவது கொடு.

பால் கொடுக்க வேண்டுமாம்! எப்படியடா உனக்கு அதை எழுதக் கை வந்தது?

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அங்க இருக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரியுமா டாக்டரம்மா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. பிறகு, "அதுல ஒருத்தர் உங்க கூடப் பிறந்தவர்னு சொல்லிக்கிறாங்களே, நிஜமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.