புற்றை இடித்த பிறகு

புதுக்கோட்டை
18-3-1958

அன்புள்ள செங்கமலத்துக்கு, ரத்தினவேல் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் கேடில்லை, அலுப்புதான். கட்டுமாவடியில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

பங்களாத் தோட்டத்தை இப்போது பார்த்தால் நீ சிரிப்பாய். புல்தரை திட்டுத் திட்டாகக் காய்ந்து, கையால் இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வருகிறது. வேரைத் தின்கிற வெள்ளைப் புழு. வேப்பம்புண்ணாக்கைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அதற்குச் சோப்புத் தண்ணீர் அடித்து, இலை இலையாகத் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை விரட்டினால் இன்னொன்று. ஓவர்சியர் வந்து நின்று, புல் ஏன் பழுக்குது என்று என்னைக் கேட்கிறார். புல்லைத்தான் கேட்க வேண்டும்.

புற்று விஷயத்தில் நீ கோபித்துக்கொண்டு போனது நியாயம்தான். பிள்ளை வரம் கேட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றிய புற்றை, கட்டினவனே கடப்பாரையால் இடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது. ஆனால் அதிலிருந்துதான் கரையான் கிளம்பி குரோட்டன்ஸ் வரிசை முழுக்க ஏறியது. இடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போ என்று ஓவர்சியர் சொன்னதை நீயும் கேட்டுக்கொண்டுதானே நின்றாய்.

நீ பஸ் ஏறிய பிறகு அடி வரை தோண்டினேன். பாம்பு இல்லை. தாய்க் கரையான் கிடந்தது, விரல் தண்டி, வயிறு முழுக்க முட்டை. மண்ணுக்குள் கிடக்கிற இதற்கு ஆயிரமாயிரம் பிள்ளை, நமக்கு ஒன்று இல்லையே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மருந்தை ஊற்றி மூடினேன்.

மறுநாள் ஊரிலிருந்து என் ஆத்தா வந்தது. நாகதோஷம் பிடித்துவிட்டது, அவளும் போய்விட்டாள், வல்லத்திராக்கோட்டையில் ஒரு பெண் இருக்கிறது, சித்திரையில் முடித்துவிடலாம் என்றது. "ஒனக்கு ஒரு வாரிசு வேணாமாடா, அவ மலடின்னு ஊருக்கே தெரியும்" என்றபோது எனக்குக் கோபம் பொங்கியது. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நீ அந்தப் புற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாய் என்று அப்போதுதான் உறைத்தது. என்ன மண்டையோ எனக்கு.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு, "ஒன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பியதற்கு, ஆம்பளைக்கு என்ன சோதனை என்று நான் குதித்தது உனக்கு மறந்திருக்காது. போன வாரம் திருச்சிக்குத் தனியாகப் போய்ச் சோதித்துக்கொண்டேன். குறை என்னிடம்தான், செங்கமலம். ஆத்தாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், எத்தனை பேரைக் கட்டிவைத்தாலும் இந்த வீட்டில் தொட்டில் ஆடாது என்று. அது ரொம்ப நேரம் அழுதுவிட்டு ஊருக்குப் போய்விட்டது.

உன்னைத் தள்ளி வைத்துவிடுவேனோ என்று இத்தனை நாள் நீ பயந்தாய். இப்போது பயம் எனக்கு. தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்கிற வழக்கம் நம்மில் உண்டு. உனக்கு இன்னும் வயது இருக்கிறது. அப்படி நினைத்தாயானால் இந்தக் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டு, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மகமாயி உனக்கு நல்ல வழி காட்டட்டும். அந்த வழி இங்கிட்டு இருக்க வேண்டும் என்று நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன். ஒரு வரி எழுதிப் போடு, பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன்னைக் கட்டினவன்,
ரத்தினவேல்