ஸ்பெஷல் மார்க்கா

திருச்செந்தூர் ஆண்டவன் துணை

தூத்துக்குடி,
விய வருஷம் ஆடி மாதம் 9.

சென்னையில் இருக்கும் மைத்துனர் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு ஆறுமுகநயினார் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உம் அக்கா வடிவம்மாளுக்கு முழங்கால் வலி. அது புதிது இல்லை. கச்சான் காற்று பலமாக அடிப்பதால் படகுகள் கப்பலை அணைய முடியாமல் திரும்பி வருகின்றன. லண்டனுக்கு மருந்துக்குப் போக வேண்டிய நம் நிலாவாரை இலைக் கட்டுகள் கிட்டங்கியிலேயே கிடக்கின்றன. ரேஷன் அரிசியில் கல் கூடிவிட்டது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

மந்திரமூர்த்தியின் கடிதம் வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை என்கிறான். சேர்ந்ததும் ஒரு பரீட்சை வைத்து, பிள்ளைகளை இங்கிலீஷ் பாடத்துக்கு மட்டும் மூன்றாகப் பிரித்தார்களாம். ஃபர்ஸ்ட் செக்ஷன், செகண்ட் செக்ஷன், ஸ்பெஷல் கிளாஸ். நம் பையனை ஸ்பெஷலில் போட்டிருக்கிறார்களாம். மற்றவர்களுக்கு இல்லாதபடி சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதல் பாடமாம். சாயர்புரத்துக்காரர் ஒருவர், ஜேசுபாதம் என்று பெயர், நடத்துகிறாராம்.

நீர் அந்தக் காலேஜ் ஆபீசில் இருக்கிறீர் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தூரம் அனுப்பினேன். உள்ளூரில் தமிழில் படித்த பிள்ளை, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஈடு கொடுப்பானா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. உம் அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். நம் கிட்டங்கியில் முதல் பறிப்பு இலைக்குத்தான் ஸ்பெஷல் என்று மார்க்கா குத்துகிறோம். லண்டன்காரனும் அந்த மார்க்காவைப் பார்த்துத்தான் எடுக்கிறான். வியாபாரிகள் சங்கத்துக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம், இரண்டொருவருக்கு வயிற்றெரிச்சல். இரண்டும் எனக்குத் திருப்திதான்.

அவனை ஏன் இவ்வளவு பாடுபட்டு இங்கிலீஷ் படிக்க வைக்கிறேன் என்று நீர் போன தடவை கேட்டீர். லண்டனிலிருந்து வருகிற கடிதத்தை ஏஜெண்ட் ஆபீஸ் ரைட்டர் படித்து எனக்குச் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி லண்டன் சரக்கு, பாதி அவருடைய சொந்தச் சரக்கு. எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் தலைச்சுமையில் தொடங்கி இந்த மட்டுக்கும் வந்துவிட்டேன். இதற்கு மேல் போக வேண்டுமானால் அந்தக் கடிதத்தை என் வீட்டு ஆள் படிக்க வேண்டும்.

ஜேசுபாதம் வாத்தியாருக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன். நேரில் கொண்டுபோய்க் கொடும். பையன் கையில் கொடுத்துவிட்டால் ஹாஸ்டலில் காலியாகிவிடும். உமக்கும், பிள்ளைகளுக்கும் ஆண்டவன் குறைவைக்க மாட்டான்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்.


தூத்துக்குடி,
ஆவணி மாதம் 12.

மைத்துனர் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

இங்கே சுகம். உமக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது, இருந்தால் எழுதியிருப்பீர். எழுத வேண்டிய மற்றதைத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்.

நேற்று தோணித்துறைக்குப் போயிருந்தேன். நம் சரக்கைக் கொழும்புக்கு ஏற்றுகிற தோணி முதலாளி ரோச் பர்னாந்து அங்கே நின்றார். அவர் மகன் இனிகோ நம் பையனோடு ஒரே ரயிலில் போய் அதே காலேஜில் சேர்ந்தவன். பேச்சுவாக்கில் நம் பையன் ஸ்பெஷல் கிளாசில் இருக்கிற சங்கதியைச் சொன்னேன். ரோச் கடலைப் பார்த்தபடி, “அண்ணாச்சி, ஸ்பெஷல்னா ஒசத்தின்னு உங்களுக்கு யாரு சொன்னா? இங்கிலீசு சரியா வராத பயலுவள ஒண்ணாச் சேத்து வச்சிருக்க கிளாசு அதுன்னுலா எங்க இனிகோ எழுதியிருக்கான்” என்றார். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். ஃபர்ஸ்ட் செக்ஷன் என்றார். சொல்லும்போது அவருக்கும் சங்கடந்தான். ரோச் பெரிய மனுஷர், சிரிக்கவில்லை.

சிரித்தது தராசுக்காரன் தாணுலிங்கம். “ஸ்பெஷல் ரயிலுதான் நடுவுல எங்கயும் நிக்காது அண்ணாச்சி. ஸ்பெஷல் கிளாசு எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் போவும் போல” என்றான். சுற்றி நின்ற சுமைகாரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிப்பது முதுகில் தெரியும்.

சங்கத்தில் நான் சொன்னதை இனி வாபஸ் வாங்க முடியாது. அது என் பாடு. உம்மிடம் கேட்பது வேறு. பையனுக்கு எழுதிக் கேட்டேன். பதில் போட்டிருக்கிறான். முதலிலேயே விவரமாகச் சொல்லாதது தப்புதான், ஆனால் இந்தக் கிளாசிலேயே இருந்துகொள்கிறேன், பாடம் புரிகிறது, வாத்தியார் ஒவ்வொருத்தர் எழுதியதையும் வரி வரியாகத் திருத்திக் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறான். சரக்கைப் பார்த்து ரகம் சொல்வது வியாபாரியின் வேலை. நான் எந்த ரகம் என்று சரக்கே சொல்லக்கூடாது.

என் அபிப்பிராயம் இது. மூன்றாம் ரகக் குவியலில் போட்டுவிட்டால் அந்த இலை அங்கேயேதான் கிடக்கும். அதை எடுத்து மேலே போட ஒருவனும் குனியமாட்டான். இந்தத் தொழிலில் நான் இதை நாள்தோறும் பார்க்கிறேன். நல்ல ரகத்தோடு கிடந்தால் அதற்கு அந்த மதிப்பு வரும். ஆகையால் ஹெட்கிளார்க்கைப் பிடித்தோ, அவருக்கு மேலே யாரைப் பிடித்தோ, அவனை ஃபர்ஸ்ட் செக்ஷனுக்கு மாற்றும். உம்மால் முடியும் என்று எனக்குத் தெரியும். உம் உத்தியோகத்துக்காக நான் எத்தனை பேரைப் பிடித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மாற்றியதும் ஒரு கார்டு போடும். உம் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்.


தூத்துக்குடி,
ஐப்பசி மாதம் 28.

அன்புள்ள மைத்துனர் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

உம் கார்டு கிடைத்தது. காலேஜ் திறந்து இத்தனை நாளாகியும் மந்திரமூர்த்தி வரவில்லையே என்று கேட்டிருந்தீர். தீபாவளிக்கு வந்தவன் இங்கேதான் இருக்கிறான். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நான் முதலில் காய்ச்சல் என்று எழுதலாமா என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மழை விட்டபாடில்லை. வெளிக்களத்தில் காயப்போட்ட இலையெல்லாம் நனைந்து, கிட்டங்கிக்குள் பரப்பிக் கிடக்கிறது. பையன் தினமும் காலையிலிருந்து அந்த இலையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். லீவு முடிந்தும் கிளம்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் போகிறேன் என்றான். அந்த இரண்டு நாளும் போயிற்று. உம் அக்கா, பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, என்னவென்று கேளுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருந்துவிட்டேன்.

முந்தாநாள் ரோச் வீட்டுக்கு வந்தார். அவர் இப்படி வீடு தேடி வருகிறவர் இல்லை. “அண்ணாச்சி, ஒங்க மவன் நம்ம தோணியில கொழும்புக்கு எடம் கேக்கான். அங்கன ஏதாவது கடையில நிப்பானாம். நான் அப்பாகிட்டக் கேட்டுட்டு வான்னேன். கேக்க மாட்டேங்கான். அதான் நானே வந்தேன்” என்றார். காபி குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கேட்டேன். பையன் மறைக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னான்.

நீர் மாற்றிவிட்ட ஃபர்ஸ்ட் செக்ஷனில் ஏகப்பட்ட பிள்ளைகளாம். புரொபசர் வேகமாகப் பேசிக்கொண்டே போவாராம். கான்வென்ட் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்களாம். மாறிப்போன முதல் வாரத்திலேயே, பாடத்தில் வந்த ‘லைட்டர் ஹார்ட்’ என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரொபசர் இவனை எழுப்பிக் கேட்டிருக்கிறார். ஹார்ட் என்றால் இருதயம் என்று இவனுக்குத் தெரியும். லைட்டர் என்றால், கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோகிற படகு. நம் துறைமுகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற சொல். ஆகையால், கப்பலுக்குப் பாரம் சுமந்து போகிற இருதயம் என்று சொல்லியிருக்கிறான். கிளாஸ் முழுவதும் சிரித்திருக்கிறது. புரொபசரும் சிரித்திருக்கிறார். அன்று தொட்டு அவனுக்கு அங்கே லைட்டர் என்றுதான் பெயர். ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்தால், “லைட்டர் கரைக்கு வருது” என்பார்களாம். இனிகோ ஒருவன்தான் அப்படிக் கூப்பிடவில்லையாம்.

உமக்கு இது படித்ததும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. வேறே என்னடா அர்த்தம் இருக்கிறது என்று அவனையே கேட்டேன். லேசான மனசு என்று அர்த்தமாம். என்னை எழுப்பிக் கேட்டிருந்தாலும் நான் படகு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவன் இங்கிலீஷ் கிளாசுக்குப் போவதை விட்டுவிட்டானாம். அந்த நேரத்தில் மெரினாவில் போய் உட்கார்ந்திருக்கிறான். பரீட்சையில் பேப்பரை ஒன்றும் எழுதாமல் அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டான். இந்த விவரம் உம் ஆபீசில் இருக்கும். என்னிடம் சொல்லச் சங்கடப்பட்டிருப்பீர், குற்றமில்லை. மாற்றிக் கொடுத்தபோதே, இது பையனுக்கு ஆகாது என்று ஒரு வரி எழுதியிருந்தீர். நான் அதற்குப் பதில் போடவில்லை.

நல்ல ரகத்தோடு சேரட்டும் என்றுதானடா செய்தேன் என்று சொன்னேன். அவன் கையில் ஒரு பிடி ஈர இலை இருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த காய்ந்த கட்டுகளைக் காட்டி, “இந்த ஈர இலையக் கொண்டுபோயி அந்தக் கட்டுல சேத்துக் கட்டுவியளா அப்பா?” என்று கேட்டான்.

கட்டமாட்டேன். கட்டினால் கப்பல் லண்டன் போய்ச் சேருமுன் கட்டு உள்ளுக்குள்ளேயே வெந்து கறுத்துவிடும். ஈர இலையை யாரும் மூன்றாம் ரகம் என்று சொல்வதும் இல்லை. அது காய வேண்டிய இலை, அவ்வளவுதான். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

கொழும்புக்குப் போக வேண்டாம், கிட்டங்கியிலேயே இருந்துவிடு என்று உம் அக்கா சொல்லுகிறாள். எனக்கும் ஆள் தேவைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் சிரித்தார்கள் என்று திரும்பி வந்தவன் இங்கே உட்கார்ந்தால், தாணுலிங்கம் சிரித்தாலும் எழுந்துபோக இன்னொரு இடம் தேடுவான். சிரிக்க ஆள் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது. ஆகையால் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த ஜேசுபாதம் வாத்தியார் கிளாஸ் திரும்பக் கிடைத்தால் போவாயா என்று. சாயங்காலம் வந்து, போவேன் என்றான்.

இப்போது உம் வேலைக்கு வருகிறேன். வருஷ நடுவில் இன்னொரு தடவை மாற்றுவது வழக்கமில்லை, பெற்றவரே பிரின்சிபாலுக்கு இங்கிலீஷில் காரணம் எழுதிக் கேட்டால் ஒருவேளை பார்ப்பார்கள் என்று இனிகோ சொல்லியிருக்கிறானாம். வழக்கமாக இப்படி ஒன்று வேண்டுமென்றால் ஏஜெண்ட் ஆபீஸ் ரைட்டரிடம் போவேன். இந்தத் தடவை போகவில்லை. பையனையே எழுதச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றான், தப்பு வரும் என்றான். வரட்டும் என்றேன். எழுதிக் கொண்டுவந்தான். அடியில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, “என் மகனுக்கு இங்கிலீஷ் இன்னும் வரவில்லை, வருகிற இடத்தில் அவனை வையுங்கள்” என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றான். அந்தத் தாள் முழுக்க எழுத்து இருந்தது. மற்றதை நான் கேட்கவில்லை.

நாளை ரயிலில் அவனையே அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அந்தத் தாளும் அவன் கையில்தான் வரும். அந்தத் தாளில் நீர் ஒரு எழுத்தும் திருத்த வேண்டாம். வேறு நல்ல தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பையனே எழுதியது என்று சொல்லி, பிழையோடு பிரின்சிபால் கையில் கொடும். அவன் எந்தக் கிளாசுக்கு உரியவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. முடியாது என்று சொன்னால் மறுநாளும் போய்க் கேளும். போன தடவை உம்மை நான் அதட்டி வேலை வாங்கினேன். இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

உமக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அந்தத் தாளைப் பிரித்ததும் உமக்குச் சிரிப்பு வரலாம். பையன் பக்கத்தில் நிற்பான், உம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு பிரித்துப் படியும்.

உம் குடும்பத்தை ஆண்டவன் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்.